வீணைக் கச்சேரிக்கு முன்வரிசை டிக்கெட் வீணா?

டிசம்பர் 2, காலை 7:40 – தாம்பரம் லோக்கல்

எனக்கு ரொம்பப் பிடித்த வைணிகருக்கு இந்த சீசனில் மியூசிக் அகாடமியில் மாலை 4 மணிக் கச்சேரி. தனி வீணை. வயலின் கிடையாது, மிருதங்கமும் கடமும் மட்டும். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அவர் பாணி சரியா தப்பா என்று பேச்சு திரும்பிவிடும். முதல் வரிசையில் உட்கார வேண்டும் என்று ஆசை. 1928இல் கட்டிய அரங்கம், அந்தக் கால ஒலியமைப்பு, மைக் இல்லாமலே கேட்கும் என்கிறார்கள். முன்னால் இருந்தால் நாதம் நேராகக் காதில் விழும்தானே?

டிசம்பர் 2, காலை 9:15 – மெழுகுக்கட்டு

விழாது. அதாவது, வீணை விழாது, மிருதங்கம் விழும்.

வீணை ஒரு கூடத்தில் இருபது முப்பது பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பதற்கான வாத்தியம். வீணை தனம்மாள் ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தது அப்படித்தான். அகாடமியில் சுமார் 1,600 இருக்கை. அங்கே நீங்கள் கேட்கும் வீணை ஸ்பீக்கரில் இருந்து வருவது. அந்த ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் முன் இரண்டு மூன்று வரிசைகளின் தலைக்கு மேலாகப் போகும்படி திருப்பப்பட்டிருக்கும். மிருதங்கத்துக்கு ஸ்பீக்கர் தேவையே இல்லை. மேடையில் இருந்து நேராக வந்து நெஞ்சில் அடிக்கும். ஆக முதல் வரிசையில் உங்களுக்குக் கிடைப்பது முழு மிருதங்கமும் முக்கால் கடமும் கொஞ்சம் வீணையும். அத்துடன் கலைஞருக்கு முன்னால் வைத்திருக்கும் மானிட்டர் பெட்டியின் முதுகு.

எட்டாவது வரிசையில் இருந்து பதினான்காவது வரை, நடுவில் இருந்து சற்று இடது பக்கம். என் தேர்வு இது.

டிசம்பர் 2, காலை 9:32 – மெழுகுக்கட்டு

ஒன்று விட்டுப்போயிற்று. 1928 அரங்கத்தின் வயது அல்ல, சபையின் வயது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928 ஆகஸ்டில் அகாடமி தொடங்கப்பட்டது. இப்போதுள்ள கட்டடத்துக்கு நேரு அடிக்கல் நாட்டியது 1955இல், மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார் திறந்து வைத்தது 1962 டிசம்பரில். இடையில் முப்பது வருடத்துக்கு மேல் பந்தலிலும் வாடகை இடங்களிலும்தான் சீசன். "அந்தக் கால ஒலியமைப்பு" என்று நாம் உருகுவது பாதிக்கும் மேல் ஓலைப் பந்தலின் ஒலியமைப்பு.

டிசம்பர் 2, காலை 11:05 – கேன்டீன் டோக்கன்

பந்தல்ல கேட்டா வரலாறு, ஏசியில கேட்டா சளி. ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க சார், மத்ததெல்லாம் அப்புறம்.

டிசம்பர் 2, மதியம் 1:20 – தொப்பி ரவை

மெழுகுக்கட்டு சார், "சற்று இடது பக்கம்" என்றால் யாருக்கு இடது? மேடையில் இருப்பவருக்கா, நமக்கா? நமக்கு என்றால் அது நேர்மாறாக இருக்கிறது. மிருதங்கம் வாசிப்பவர் பிரதானக் கலைஞருக்கு வலப்பக்கம், அதாவது நம் பார்வையில் இடப்பக்கம் உட்காருவார். கலைஞரைப் பார்த்தபடி உட்காரும்போது அவருடைய வலது கை சபையின் பக்கம் வரும், வலந்தலை, அதாவது மிருதங்கத்தின் சுருதி சேர்த்த சிறிய முகம், நம்மைப் பார்க்கும். இடது ஓரத்தில் உட்கார்ந்தால் அந்த வலந்தலையின் "தீம்", "நம்" எல்லாம் குறுக்கே எதுவும் இல்லாமல் உங்களிடம் வரும்.

டிசம்பர் 2, மதியம் 1:48 – மெழுகுக்கட்டு

சரிதான், மேடையில் இருப்பவருக்கு இடது என்று மனதில் வைத்து எழுதிவிட்டேன். சபையில் இருந்து பார்த்தால் நடுவில் இருந்து சற்று வலது. மேலே உள்ளதைத் திருத்தவில்லை. தொப்பி ரவையின் பதில் புரியாமல் போய்விடும்.

வலதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வீணையின் குடம் வாசிப்பவரின் வலத் தொடையை ஒட்டித் தரையில் இருக்கும், நம் பார்வையில் அது இடது. யாளி முகமும் சுரைக்குடுக்கையும் நமக்கு வலது. இடது கை மெட்டுகளின் (கம்பியை அழுத்தும் உலோகப் படிகளின்) மேல் ஓடுவதைப் பார்க்க வலது பக்கம் வசதி.

டிசம்பர் 2, இரவு 10:10 – தாம்பரம் லோக்கல்

நன்றி சார். பத்தாவது வரிசை, வலது. குறித்துக்கொண்டேன். ஆனால் ஸ்பீக்கரில்தான் கேட்கப் போகிறேன் என்றால் வீட்டிலேயே கேட்டுவிடலாமே?

டிசம்பர் 3, காலை 6:55 – ஒலிப்பலகை

அந்தக் கேள்விக்குப் பதில் எந்த மைக் என்பதில் இருக்கிறது.

வீணைக்கு இரண்டு வழி. ஒன்று, குடத்தின் மேல் பலகையில் குதிரைக்கு (கம்பிகளைத் தாங்கும் பாலத்துக்கு) அருகே ஒட்டும் காண்டாக்ட் மைக். மரத்தின் அதிர்வை நேராக எடுக்கும். சத்தத்தை எவ்வளவு ஏற்றினாலும் ஊளையிடுவது குறைவு, மிருதங்கம் உள்ளே நுழையாது. ஆனால் விரல் கம்பியில் உரசும் "கீச்", லங்கரை (சுருதியை நூலளவு மாற்றும் வளையத்தை) தொட்டால் "டக்", பலகையில் கை பட்டால் "தொம்" என்று எல்லாமே பெரிதாகக் கேட்கும். கீழ்ஸ்தாயி உப்பிப்போகும். கொஞ்சம் அதிகம் வைத்தால் எலெக்ட்ரிக் கிடாருக்குத் தங்கை மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று, ஸ்டாண்டில் வைக்கும் கண்டென்சர் மைக். குதிரைக்கும் கடைசி மெட்டுக்கும் நடுவே பார்த்தபடி 15 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில். மரமும் காற்றும் சேர்ந்த ஒலி வரும். ஆனால் பக்கத்திலேயே மிருதங்கம். மைக்குகளை வைப்பதில் ஒரு கணக்கு உண்டு: வாத்தியத்துக்கும் அதன் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல் குறைந்தது மூன்று மடங்கு தள்ளி அடுத்த மைக் இருக்க வேண்டும். வீணை மைக் 20 சென்டிமீட்டர் என்றால் மிருதங்க மைக் 60 சென்டிமீட்டருக்கு அப்பால். இதை மேடையில் கடைப்பிடிப்பது கஷ்டம் இல்லை. கஷ்டம் வேறு இடத்தில் வரும். வீணையின் சன்னமான ஒலிக்காக மைக்கை ஏற்ற ஏற்ற, அதே மைக் வழியாக மிருதங்கமும் ஏறும். அப்போது மிருதங்க மைக்கை முழுதாக மூடினாலும் மிருதங்கம் குறையாது. "மிருதங்கத்தைக் கம்மி பண்ணுங்க" என்று சபையில் இருந்து கத்துகிறவர்களுக்கு இது தெரிந்தால் நல்லது.

பல மேடைகளில் இரண்டையும் கலப்பார்கள். காண்டாக்ட் முக்கால், கண்டென்சர் கால் என்று தொடங்கி, காதை வைத்து மாற்றிக்கொள்வது.

டிசம்பர் 3, காலை 8:30 – மெழுகுக்கட்டு

காண்டாக்ட் மைக்கைத் திட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வீணையில் கமகம், அதாவது சுரத்தை வளைத்து அசைப்பது, கம்பியை இழுப்பதில் வருகிறது. ஒரு மீட்டு, அதன்பின் அதே மெட்டில் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து நான்கைந்து சுரம் வரை போகலாம். மீட்டிய கணத்தில்தான் ஒலி பெரிது, அதன்பின் தேய்ந்துகொண்டே வரும். இழுப்பின் மூன்றாவது, நான்காவது சுரம் வரும்போது பாதிக்கும் கீழே போயிருக்கும். மைக் இல்லாத காலத்தில் பெரிய சபைக்கு அந்த வால் போய்ச் சேராது. அதனால் அடிக்கடி மீட்ட வேண்டும், மீட்டினால் கார்வை (நீண்டு ஒலிப்பது) அறுபடும். மைக் வந்தபின் ஒரே மீட்டில் ஒரு முழுச் சங்கதியையே (ஒரு வரியை மாற்றி மாற்றி வாசிக்கும் வடிவங்களில் ஒன்றை) வாசித்து, வாய்ப்பாட்டு மாதிரி தொடர்ச்சி காட்ட முடிந்தது. இழுப்பை நம்பி வாசிக்கும் வைணிகர் காண்டாக்ட் மைக் வைத்தால் அது சோம்பேறித்தனம் இல்லை, அந்தப் பாணிக்கு அது வேண்டும்.

அதனால் என் முதல் குறிப்பை இப்படி மாற்றிக்கொள்கிறேன். காண்டாக்ட் மைக் என்றால் எட்டிலிருந்து பதினாலு. வெறும் கண்டென்சர் மட்டும் என்றால் ஐந்திலிருந்து எட்டு. எந்த மைக் என்பது திரை தூக்கும்வரை தெரியாது என்பதுதான் சிக்கல். அதே கலைஞர் மற்ற சபைகளில் வாசித்த வீடியோவில் குதிரைக்குப் பக்கத்தில் சின்ன ஒயர் தெரிகிறதா என்று பாருங்கள், போதும்.

டிசம்பர் 3, காலை 9:10 – கேன்டீன் டோக்கன்

சார், பால்கனியை ஏன் யாருமே சேத்துக்க மாட்டேங்கறீங்க? காசு கம்மி, காலை நீட்டலாம், மேல இருந்து பாத்தா மெட்டு மெட்டா தெரியுது.

டிசம்பர் 3, காலை 9:55 – ஒலிப்பலகை

பால்கனி முன் இரண்டு வரிசை நல்ல இடம், மறுக்கவே மாட்டேன். மேடை வாத்தியங்களின் நேரடி ஒலி குறைந்து எல்லாம் ஸ்பீக்கர் வழியாக ஒரே கலவையில் வரும். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் உள்ள அளவை மிக்ஸரில் இருப்பவர் நினைத்தபடி கேட்கலாம். கெட்ட இடம் பால்கனிக்கு அடியில் பின்னால் இருக்கும் வரிசைகள். மேலே கூரை தாழ்ந்திருப்பதால் அரங்கத்தின் எதிரொலி அங்கே சரியாக நுழையாது, மேல் ஒலிகள் மங்கும், தொப்பியின் (மிருதங்கத்தின் பெரிய முகத்தின்) "தொம்" மட்டும் தங்கும். வீணையின் பக்கக் கம்பிகள், அந்தத் தாளம் போடும் மூன்று கம்பிகளின் மெல்லிய "டிங்", முதலில் தொலைவது இங்கேதான்.

இன்னொரு கணக்கு. ஒலி ஒரு மில்லி நொடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். மேடையில் இருந்து 30 மீட்டர் தள்ளி இருந்தால் ஒலி வர கிட்டத்தட்ட 90 மில்லி நொடி. நொடிக்கு நாலு மீட்டு வரும் வேகத்தில் ஒரு மீட்டுக்கு 250 மில்லி நொடிதான். மூன்றில் ஒரு பங்கு தாமதம். பின்னால் உட்கார்ந்து கலைஞரின் கையைப் பார்த்துத் தாளம் போட்டால் ஒலிக்கு முன்னால் ஓடுவீர்கள். கண்ணை மூடிக்கொண்டு போட்டால் சரியாக வரும். பக்கத்து சீட்டுக்காரர் தாளம் தப்பாகப் போடுகிறார் என்று முறைப்பதற்குமுன் இதையும் யோசியுங்கள்.

டிசம்பர் 3, காலை 10:02 – கேன்டீன் டோக்கன்

இத்தனை வருஷமா என் தாளம் தப்புன்னு நெனச்சேன். தூரம்தான் தப்பு.

டிசம்பர் 5, இரவு 9:40 – தாம்பரம் லோக்கல்

நேரத்தைப் பற்றிச் சொல்லுங்கள். கச்சேரி இரண்டரை மணி நேரம். தாம்பரத்தில் இருந்து வருகிறேன், கொஞ்சம் முன்னால் கிளம்ப வேண்டியிருக்கலாம். எதை விட்டால் நஷ்டம் குறைவு?

டிசம்பர் 5, இரவு 10:25 – மெழுகுக்கட்டு

முதலில் எதை விடக்கூடாது என்று சொல்கிறேன்: ஆலாபனைக்கும் பல்லவிக்கும் நடுவே வரும் தானம். வாய்ப்பாட்டில் "அனந்தம்", "தானம்தா" என்று அசை சொல்லிப் பாடுவது வீணையைப் பார்த்துத்தான் என்று தோன்றும், அவ்வளவு இயல்பாக இந்த வாத்தியத்தில் உட்காரும். பிரதானக் கம்பியில் ராகம் நடக்கும்போது சுண்டுவிரல் பக்கக் கம்பிகளை நடைக்கு நடை தொடும். தாளக் கட்டு இல்லாமல் நடை மட்டும் இருக்கும். நல்ல கையில் எட்டில் இருந்து பதினைந்து நிமிடம். அந்த நேரம் மிருதங்கம் சும்மா இருப்பதால், நீங்கள் இத்தனை நேரம் ஏங்கிய தனி வீணை ஒலி கிடைப்பதும் அப்போதுதான்.

150 நிமிடத்தில் உத்தேசமாக: வர்ணம் ஏழெட்டு நிமிடம் (அட தாள வர்ணம் என்றால் கூடும்), இரண்டு சின்னக் கிருதி, பிறகு நடுத்தர ஆலாபனையோடு ஒன்று, அதன்பின் ஒரு துரித உருப்படி. இதற்குள் ஒரு மணி நேரம் போயிருக்கும். பிரதானமாக ராகம் தானம் பல்லவியோ பெரிய கிருதியோ, தனி ஆவர்த்தனத்தோடு (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல். மீதியில் துக்கடா என்ற சின்ன உருப்படிகள், மங்களம். 4 மணிக் கச்சேரியில் தானம் ஐந்தேகாலுக்குப் பக்கத்தில் வரலாம். கிளம்ப வேண்டும் என்றால் பல்லவி முடிந்தபின் கிளம்புங்கள்.

டிசம்பர் 5, இரவு 11:02 – தொப்பி ரவை

இரண்டு ஆட்சேபணை.

தானத்தில் மிருதங்கம் சும்மா இருக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. காரைக்குடி சகோதரர்கள் தானத்துக்கு மிருதங்கம் வைத்தே வாசித்தார்கள். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை அவர்களுக்கு வாசித்தவர். அந்தப் பாணியில் வந்தவர்கள் இன்றும் செய்யலாம், கன ராகங்களில் – நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ – தானம் எடுத்தால் முக்கியமாக.

இரண்டாவது, "கிளம்புவதானால் பல்லவி முடிந்தபின்" என்கிறீர்களே, தனி எங்கே போயிற்று? தனிக்கு ஒரு வார்த்தை கூட இல்லை.

டிசம்பர் 6, காலை 7:15 – மெழுகுக்கட்டு

காரைக்குடி விஷயம் ஒப்புக்கொள்கிறேன், எழுதும்போது நினைவில் வரவில்லை. அண்ணன் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்தி வைத்தும் தம்பி சாம்பசிவ ஐயர் படுக்கையாக வைத்தும் வாசித்தார்கள் என்பது மட்டும் நினைவிருந்தது. தனியைப் பற்றி நீங்களே எழுதுங்கள், நான் எழுதினால் குறை சொல்வீர்கள்.

டிசம்பர் 6, காலை 8:40 – தொப்பி ரவை

எழுதுகிறேன். தனி தொடங்கியதும் பாதிச் சபை எழுந்து போவது அகாடமிக்கு மட்டும் உரிய வியாதி அல்ல. ஆனால் தனி வீணைக் கச்சேரியில் எழுந்து போவது இரட்டைத் தப்பு. வயலின் இல்லாததால் வைணிகருக்கு இரண்டரை மணி நேரத்தில் விரலுக்கு ஓய்வு கிடைப்பது தனியில் மட்டும்தான். கம்பி அறுத்த விரல் நுனியைத் துடைத்து, தேவைப்பட்டால் எண்ணெய் தொட்டுக்கொண்டு, தாளம் போட்டபடி உட்கார்ந்திருப்பார். அந்த நேரம் சபை காலியாவது அவர் கண்ணெதிரே நடக்கும்.

கேட்பது எப்படி என்றால், மிருதங்கமும் கடமும் முதலில் நீளமான சுற்றுகளை மாறி மாறி வாசிப்பார்கள். பிறகு குறைப்பு: ஆதி தாளம் என்றால் முழு ஆவர்த்தனத்தில் இருந்து பாதி, கால், அரைக்கால் என்று கேள்வியும் பதிலும் சுருங்கிக்கொண்டே வரும். சுருங்குவதைத் தாளத்தோடு எண்ணினால் விளையாட்டு புரிந்துவிடும். அதன்பின் இருவரும் சேர்ந்து ஃபரன், மோரா என்று முடிவுக்கு இட்டுச்செல்லும் சொற்கட்டுகள், கடைசியில் மும்முறை வரும் கோர்வை. பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம். காபிக்குப் போய் வரும் நேரமும் அதேதான், அதுதான் துரதிர்ஷ்டம்.

டிசம்பர் 6, காலை 8:58 – கேன்டீன் டோக்கன்

தனிக்கு எழுந்து வந்தா கேன்டீன்ல கியூ. குறைப்பு அங்கேயும் உண்டு: முழு கீரை வடை, அரை கீரை வடை, தீந்துபோச்சு. மூணு மணிக்கே வந்து சாப்ட்டுட்டு உள்ள போங்க. 4 மணி கச்சேரி முடிஞ்சு அடுத்தது தொடங்கறதுக்குள்ள இருக்கற இடைவெளில ரெண்டு கூட்டமும் ஒண்ணா மோதும், அப்ப மட்டும் போயிடாதீங்க.

டிசம்பர் 6, மாலை 5:30 – மெழுகுக்கட்டு

தாம்பரத்துக்காரருக்கு வழி: பறக்கும் ரயிலில் திருமயிலை இறங்கினால் அங்கிருந்து சுமார் 2 கிலோமீட்டர், ஆட்டோ. மெட்ரோ என்றால் ஏ.ஜி.-டி.எம்.எஸ். நிலையம், அங்கிருந்தும் ஆட்டோதான். கார் எடுக்காதீர்கள். சீசனில் டி.டி.கே. சாலையில் கார் நிறுத்த இடம் தேடுவதற்குள் வர்ணம் முடிந்துவிடும்.

டிசம்பர் 9, இரவு 8:15 – தாம்பரம் லோக்கல்

இன்னொரு சந்தேகம். வீடியோக்களில் எல்லாம் இவர் அடிக்கடி நிறுத்திச் சுருதி சேர்க்கிறார். சுருதிப் பெட்டி சரியாகத்தானே இருக்கிறது, எதற்கு இத்தனை தடவை?

டிசம்பர் 9, இரவு 9:50 – மெழுகுக்கட்டு

ஏழு கம்பி, மேடை விளக்கு, ஏசி. இதுதான் பதில், ஆனால் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

சாரணி, பஞ்சமம் என்ற முதல் இரண்டு கம்பிகளும் எஃகு. குளிர்ந்தால் எஃகு சுருங்கும், சுருதி ஏறும். விளக்குச் சூட்டில் நீளும், இறங்கும். ஏசிக் காற்று வாங்கியபடி, விளக்கு மேலே எரிய, அரை மணி நேரம் ஆனபிறகுதான் கம்பிகள் ஒரு நிலைக்கு வரும். அதுவரை ஒவ்வொரு உருப்படிக்கும் இடையில் தொட வேண்டியிருக்கும். பெரிய மாற்றத்துக்குப் பிரடை (கம்பியை முறுக்கும் திருகு), நூலளவு மாற்றத்துக்கு, கம்பிகளின் அடி நுனி கட்டியிருக்கும் நாகபாசத்தின் பக்கம் இருக்கும் லங்கர் வளையம். கலைஞர் குனிந்து குதிரைக்குப் பின்னால் கையை வைத்தால் அது லங்கர் வேலை, ஐந்து நொடியில் முடியும். கையை மேலே பிரடைக்குக் கொண்டுபோனால் கொஞ்சம் பொறுமை வேண்டும். அதிகம் இழுத்து வாசிப்பவருக்குக் கம்பி தளர்வதும் அதிகம்.

கம்பியைவிடப் பொல்லாதது மெழுகு. வீணையின் 24 மெட்டுகளும் மரத்தில் அடிக்கப்பட்டவை அல்ல. தேன்மெழுகில் கரித்தூள் சேர்த்துக் கட்டிய மேட்டின் மேல் பதிக்கப்பட்டவை. அதைத்தான் மேளம் கட்டுவது என்கிறோம். சூட்டில் மெழுகு இளகினால் மெட்டு ஒரு முடி அளவு அமுங்கும், அந்தச் சுரம் மட்டும் பிசகும். கடும் குளிரில் மெழுகு உடையும் தன்மைக்கு வரும், மெட்டு ஆடும். இதை மேடையில் சரிசெய்ய வழியே இல்லை. நல்ல வைணிகர் அந்த மெட்டை நேராகத் தொடாமல், கீழ் மெட்டில் இருந்து இழுத்து அந்தச் சுரத்தைப் பிடிப்பார். ஒரு குறிப்பிட்ட சுரத்துக்குத் திடீரென்று எப்போதும் இழுப்பாகவே வந்தால், பாணி என்று பாராட்டுவதற்கு முன் மெட்டைச் சந்தேகியுங்கள்.

சாரணி அறுந்தால் மாற்ற ஐந்து நிமிடமாவது ஆகும். புதுக் கம்பி நீண்டுகொண்டே இருக்கும் என்பதால் அடுத்த கால் மணி நேரம் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சுருதி தொட வேண்டியிருக்கும். அப்போது இருமாதீர்கள், எழுந்து போகாதீர்கள். முக்கியமாகக் கைதட்டி "பரவாயில்லை" என்று ஆறுதல் சொல்லாதீர்கள்.

டிசம்பர் 9, இரவு 10:20 – தொப்பி ரவை

மிருதங்கம் நேர் எதிராகப் போகும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் மழையில் ஈரக்காற்றோடு வரும் தோல் தளர்ந்திருக்கும், சுருதி கீழே. ஏசியில் காய்ந்தால் இறுகும், மேலே ஏறும். விளக்குச் சூட்டில் கம்பி இறங்குகிறது, வலந்தலை ஏறுகிறது. இருவரும் ஒரே சுருதியில் சந்திப்பதே பாதிக் கச்சேரிக்குப் பிறகு என்றாலும் ஆச்சரியம் இல்லை. கல்லும் குச்சியும் வைத்துச் சுற்றிலும் தட்டுவது அதற்குத்தான். தோலைச் சுற்றியிருக்கும் பின்னலை மேலிருந்து கீழாகத் தட்டினால் இறுகும், கீழிருந்து மேலாகத் தட்டினால் தளரும்.

தொப்பியில் அப்பிய ரவை காய்ந்தால் "தொம்" வறண்டுபோகும். மணிக்கொருமுறை விரலில் தண்ணீர் தொட்டு நனைப்பார்கள். ரவை அதிகமானால் தொப்பி முழங்கி வீணையின் மந்தரக் (கீழ்ஸ்தாயி) கம்பியை முழுங்கிவிடும். வீணைக்கு வாசிக்கும்போது வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாக அப்புவது விவரம் தெரிந்தவர் வேலை. என் பெயருக்குக் காரணமும் அதுதான்.

டிசம்பர் 12, காலை 7:05 – தாம்பரம் லோக்கல்

பாட்டு தெரியாவிட்டால் என்ன செய்வது? வார்த்தை இல்லையே.

டிசம்பர் 12, காலை 7:50 – மெழுகுக்கட்டு

வார்த்தை இருக்கிறது, வலது கையில். சாகித்யத்தை (பாட்டின் வார்த்தைகளை) கவனித்து வாசிப்பவர் ஓர் அசைக்கு ஒரு மீட்டு வைப்பார். அசை இல்லாத இடத்தில் மீட்டாமல் இழுப்பிலும் விரல் தட்டிலுமே சங்கதி போகும். தெரிந்த கிருதியை மனதுக்குள் பாடிக்கொண்டே மீட்டுகளை எண்ணிப் பாருங்கள், எழுத்துக்கூட்டுவது கேட்கும். எல்லாச் சுரத்துக்கும் ஒரே மாதிரி மீட்டிக்கொண்டு போனால் சாகித்யம் கரைந்துவிடும். வைணிகரை எடைபோட என்னிடம் இருக்கும் ஒரே தராசு இது, வேகம் இல்லை.

டிசம்பர் 14, மாலை 6:20 – ஒலிப்பலகை

டிக்கெட் கிடைக்காதவர்களுக்கு: பகல் 12 மணிக் கச்சேரிகளுக்கு அனுமதி இலவசம் என்பது நீண்டகால வழக்கம். இளைய வைணிகர்கள் அங்கே வாசிக்கிறார்கள். கூட்டம் குறைவாக இருந்தால் எதிரொலி கூடும், ஏனென்றால் அரங்கத்தில் ஒலியை அதிகம் உறிஞ்சுவது மனித உடலும் உடையும்தான். துரித உருப்படி கொஞ்சம் குழையும், ஆலாபனையும் தானமும் அழகாக நிற்கும். நிறைந்த சபையில் நேர்மாறு.

கஸ்தூரி சீனிவாசன் அரங்கம் என்ற சிற்றரங்கத்தில் வீணை கேட்கும் வாய்ப்பு கிடைத்தால், பெரிய அரங்கத்தின் பத்தாவது வரிசையைவிட அதுவே மேல். இத்தனை நாள் பேசிவிட்டு இதைச் சொல்வது நியாயமா என்று கேட்காதீர்கள்.

டிசம்பர் 17, இரவு 9:30 – தாம்பரம் லோக்கல்

டிக்கெட் வாங்கிவிட்டேன். பதினோராவது வரிசை, நடுவில் இருந்து வலது பக்கம் ஆறாவது சீட். இப்போதுதான் நிகழ்ச்சி நிரலில் பக்கவாத்தியம் யார் என்று பார்த்தேன். மிருதங்கக்காரர் இடக்கைக்காரர்.

டிசம்பர் 17, இரவு 9:34 – கேன்டீன் டோக்கன்

போச்சு.

டிசம்பர் 17, இரவு 9:58 – தொப்பி ரவை

இடக்கை என்றால் பக்கம் மாறி உட்காருவார். பழனி சுப்பிரமணிய பிள்ளை காலத்தில் இருந்தே அப்படித்தான். வலந்தலை சபையைப் பார்க்க வேண்டும் என்றால் வேறு வழியில்லை. நம் பார்வையில் வலது பக்கம் வருவார். உங்கள் பக்கம்.

டிசம்பர் 17, இரவு 10:30 – ஒலிப்பலகை

பதறாதீர்கள், இதில் லாபமும் இருக்கிறது. வீணையின் குடம் நமக்கு இடது, மிருதங்கம் இப்போது வலது. இரண்டுக்கும் நடுவே முழு வீணையின் நீளம். வீணை மைக்குக்குள் மிருதங்கம் நுழைவது வழக்கத்தைவிடக் குறையும், கண்டென்சரை இன்னும் கொஞ்சம் ஏற்றலாம், மர ஒலி கூடுதலாகக் கிடைக்கும். பதினோராவது வரிசைக்கு வரும்போது நேரடி மிருதங்கமும் கணிசமாகக் குறைந்திருக்கும். கடத்தை எந்தப் பக்கம் வைக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

டிசம்பர் 17, இரவு 10:41 – மெழுகுக்கட்டு

இடது கை தெரிவது மாறவில்லை. மிருதங்கக்காரரின் தோள் மறைத்தால் இடது சீட்டுக்காரரின் பக்கம் ஒரு சாண் சாய்ந்துகொள்ளுங்கள். தனிக்கு அவர் எழுந்து போய்விடுவார், அப்போது அந்த சீட்டிலேயே மாறி உட்காரலாம்.